மோலாவை விரட்டியவள்

நூசா பெனிடா தீவில் ஆடி, ஆவணி மாதங்களில் கடல் சில்லிட்டுப்போகும். அப்போதுதான் ஆழத்திலிருந்து மோலா மேலே வரும். வால் இல்லாத, வண்டிச் சக்கரம் போன்ற பெரிய மீன். தோலில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைச் சின்ன மீன்கள் கொத்தித் தின்னட்டும் என்று பவளப்பாறை ஓரமாக அசையாமல் நிற்கும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வழிகாட்டிகளில் சுவஸ்தி ஒருத்திதான் பெண்.

ஓட்டலில் வேலை பார்த்தபோது ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டவள், பிறகு முக்குளிக்கவும் கற்றாள். "பொம்பள காட்டுற மீனு பொடி மீனாத்தான் இருக்கும்" என்று படகுத்துறையில் மற்ற வழிகாட்டிகள் சிரிப்பார்கள். அதற்காகவே அவள் ஒரு சிறிய கேமரா வாங்கினாள். மோலாவின் கண்ணை மிக அருகில் படம் பிடித்து எல்லோர் கைபேசிக்கும் அனுப்பவேண்டும் என்பது அவள் ஆசை.

அன்று அவளோடு இறங்கியவர் ஜப்பானிலிருந்து வந்த ஹிரானோ. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மோலாவுக்காகவே மூன்றாவது வருஷமாக வந்திருந்தார். பாறைச் சரிவில் நாலைந்து குழுக்கள் ஏற்கெனவே காத்திருந்தன. குளிரில் கை விறைத்தது.

மோலா வந்தது. சின்ன மீன்கள் அதை நெருங்கத் தொடங்கின. அவை வேலையில் முழுசாக இறங்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது. தினமும் காலையில் அவளே படகில் சொல்லும் பாடம் அது. அன்று அவள்தான் பாய்ந்தாள். கேமராவை நீட்டியபடி நேராக அதன் முகத்துக்கு முன்னால் போனாள். மோலா ஒரு தடவை செட்டையை அடித்தது. அவ்வளவுதான். கீழே இருட்டில் மறைந்துவிட்டது.

மேலே வந்ததும் பக்கத்துப் படகிலிருந்து மெர்த்தா கத்தினான். இருபது வருஷமாக வழிகாட்டியாக இருப்பவன். பின்னால் இருந்தவர்களுக்குக் கறுப்பு உடுப்பு ஒன்று பாய்ந்தது மட்டும்தான் தெரிந்திருந்தது. வழிகாட்டி பாயமாட்டாள், கூட வந்த ஹிரானோதான் பாய்ந்திருப்பார் என்று நினைத்துவிட்டான்.

"ஏங்க பெரியவரே, அறிவிருக்கா? இத்தனை பேரு வெறைச்சுப்போயி காத்துக்கிட்டு இருந்தது கண்ணுக்குத் தெரியலையா? சுவஸ்தி, சொல்லும்மா அந்தாளுக்கு. விரட்டினா மீனு நிக்காதுன்னு சொல்லு!"

அவள் ஹிரானோ பக்கம் திரும்பினாள். "மீனை விரட்டக்கூடாதுன்னு சொல்றாருங்க" என்று ஜப்பானிய மொழியில் சொன்னாள்.

ஹிரானோ அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து, ஆடும் படகில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெர்த்தாவின் படகைப் பார்த்துக் குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டார்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை படகுத்துறையில், எல்லோரும் முதுகில் மாட்டும் காற்றுக் குடுவைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மெர்த்தாவிடம் போனாள்.

"அண்ணே, நேத்து பாய்ஞ்சது நான்தான்."

"என்னது?"

"அவரு இல்ல. நான்."

யாரோ சிரித்தார்கள். மெர்த்தா சிரிக்கவில்லை. "அடிப்பாவி! மீனு போனா நாளைக்கு வரும். வயசான மனுசனைப் போயி என்னை ஏன்டி திட்டவிட்ட?"

அவன் விறுவிறுவென்று ஹிரானோ நின்ற இடத்துக்கு நடந்து, கைகூப்பினான். "தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு" என்றான். அதையும் அவள்தான் சொல்லவேண்டியிருந்தது. அதோடு தன் பங்கையும் சேர்த்துச் சொன்னாள்.

"உன் பக்கத்துலதானே இருந்தேன்? எல்லாத்தையும் பாத்தேன்" என்றார் ஹிரானோ. "நான் ஊருக்குப் போயிடுவேன். நீ இவங்களோட தினமும் படகுல ஏறணும். அதான் பேசாம இருந்துட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு அவருடைய குடுவையின் வாரை இறுக்கினாள், ஏற்கெனவே இறுக்கியிருந்ததைத் திரும்பவும்.

அன்று நீரோட்டம் பலமாக இருந்ததால் பாதியிலேயே மேலேறிவிட்டார்கள். அதற்கடுத்த நாளும் மோலா வரவில்லை. ஹிரானோ மீனை ஆற அமரப் பார்க்காமலே ஊர் திரும்பினார். அதன்பின் மோலா வந்த நாட்களில் சுவஸ்தி எல்லோருக்கும் பின்னால் போய்க் கடலடி மணலில் முட்டிபோட்டிருப்பாள். கேமராவை அவள் தண்ணீருக்குள் கொண்டுபோவதில்லை.