ஒரு வரி குறைந்த சுற்றுநிருபம்

பென்சன் எடுத்த பிறகும் சட்டைப் பையில் இரண்டு பேனையும் ஒரு சின்ன அடிமட்டமும் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் நான். பிரதேச செயலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு அது லேசில் விட்டுப் போகுமா? "கந்தோர் உங்கள விட்டாலும் நீங்க கந்தோர விடமாட்டீங்க" என்று என் மனைவி பகிடி பண்ணுவாள். எனக்கு உள்ளுக்குள் அது பெருமையாகத்தான் இருக்கும்.

அந்த நாட்களில்தான் எங்கள் திருச்சபைக் கந்தோரிலிருந்து கூப்பிட்டார்கள். வாவிக்கு இரண்டு பக்கமும் கோவில்கள் கூட, சுவாமிமார் என்று நாங்கள் சொல்கிற குருவானவர்கள் குறைவு. ஒருவரே நாலைந்து கோவில்களைப் பார்க்கிறார். ஓடியாடி வந்து மேசையில் இருந்தால் கூரை திருத்த விண்ணப்பம், மதில் கட்ட அனுமதிக் கடிதம், மாத அறிக்கை மூன்று பிரதி. சனங்களோடு நாலு வார்த்தை பேச நேரமில்லை. இந்தக் கடதாசி வேலைகளை நகரத்துக் கந்தோர் பொறுப்பெடுத்து, ஒவ்வொரு குருவானவரும் பார்க்கிற பங்குகளின் எல்லைகளையும் புதிதாகப் பிரித்துக் கொடுத்தால் சுவாமிமார் சனங்களோடு இருக்கலாம். இதுதான் யோசனை. இன்றைக்குக் கேட்டாலும் நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். அதற்கொரு குழு போட்டார்கள், செயலாளர் நான்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டு இரண்டு கிழமை நான் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்களுக்கு நடுவே, ஒரு சின்னக் கோவில் எனக்குப் பிரச்சினை கொடுத்தது. அதே கரையில் பக்கத்துப் பங்கின் சுவாமி மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஐந்து கோவில்கள். வாவிக்கு இந்தப் பக்கம், நேர் எதிரே, ஒரே ஒரு கோவிலோடு ஒரு சுவாமி இருந்தார். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இயந்திரப் படகை நாங்கள் பாதை என்போம். பாதையில் ஏறினால் கால் மணித்தியாலம். அடிமட்டத்தை வைத்து வாவிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அந்தச் சின்னக் கோவில் இந்தக் கரைப் பங்கோடு சேர்ந்தது.

சனங்களுக்கு அறிவிக்க அந்தக் கோவிலில் கூட்டம் வைத்தோம். நான் பேசி முடிக்க, பின் வாங்கிலிருந்து ஒருவர் எழும்பினார். ஐம்பது வயதிருக்கும். வயல் வட்டையில் வேலையை விட்டுவிட்டு நேரே வந்திருந்தார், முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"ஐயா, மாரியில காத்து எழும்பினா பாதையக் கட்டிப் போட்டிருவாங்க. அந்த நேரம் ஆருக்கும் கடுமையா நோய் வருத்தமெண்டா என்ன செய்யிற?"

பசி வேறு. இரண்டு கிழமை உழைப்பில் ஒருவர் ஒரு நிமிடத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் யாருக்குப் பிடிக்கும்?

"எல்லாத்துக்கும் ஒழுங்கு செய்வம். முதல்ல இருங்க" என்றேன்.

"சரி ஐயா" என்று இருந்துவிட்டார். நான் எந்த ஒழுங்கும் செய்யவில்லை. திரும்பி வரும்போதே மறந்துபோனேன் என்பதுதான் உண்மை.

சில மாதம் எல்லாம் நன்றாகவே போனது. கூரைகள் திருத்தப்பட்டன. சுவாமிமார் வீடு வீடாகப் போகத் தொடங்கியிருந்தார்கள். பிறகு ஒருநாள் மாத அறிக்கைகளைப் பார்த்தபோது, படுக்கையில் கிடந்த ஒரே நோயாளியை இரண்டு பங்குகளும் தங்கள் தங்கள் பட்டியலில் காட்டியிருந்தன. விசாரித்தால், படுவான்கரைச் சுவாமி பழைய பழக்கத்தில், ஆராவது கூப்பிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னுடைய எல்லையைத் தாண்டிப் போய் வருகிறாராம்.

எனக்கு வந்ததே கோபம்! "ஆளாளுக்கு நினைச்சபடி தாண்டினா நான் என்னத்துக்கு எல்லை போட்டன்?" என்று வீட்டில் கத்தினேன்.

"வருத்தக்காரரப் பாக்கப் போனதுக்கா இந்தக் கோவம்?" என்று கேட்டாள் மனைவி.

 கந்தோருக்குப் பொறுப்பான குருவானவர் வெளியூர் போயிருந்தார். சின்னச் சின்ன விஷயங்களை நீங்களே பாருங்கள் என்று சொல்லியிருந்தார். இது சின்ன விஷயம் என்று நினைத்து நானே ஒரு சுற்றுநிருபம் எழுதினேன். சனங்கள் தத்தம் பங்குக் குருவானவரையே அழைக்க வேண்டும். அயல் பங்குக் குருவானவர்களை அழைப்பதைத் தவிர்க்க வேண்டும். எல்லை மீறிப் பணிபுரிவோர் கந்தோருக்கு விளக்கமளிக்க வேண்டிவரும். கடைசி வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கீழே பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஞாயிறு பூசை முடிய எல்லாக் கோவில்களிலும் வாசித்தார்கள். அந்தச் சின்னக் கோவிலில், ஊரிலேயே இருந்து கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வாசித்தார்.

மார்கழி பிறந்ததும் மழை விடாமல் பிடித்தது. அன்று கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டாரே, அந்த மனிதர் சிறுநீரக வருத்தத்தோடு படுத்திருந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் காலையில் அவர் சுவாமியைக் கேட்டார். சாகுமுன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், குருவானவர் கையால் நோயில் பூசுதல் வேண்டும். உபதேசியார் இந்தக் கரைச் சுவாமிக்குப் போன் அடித்தார். அவர் உடனே வெளிக்கிட்டுத் துறைக்குப் போனால், காற்றுக்குப் பாதையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பாலத்தால் சுற்றிப் போனார். அந்தப் பக்கம் வீதியை வெள்ளம் மூடியிருந்தது. திரும்பி வேறு வழியால் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. அந்த மனிதர் மூன்று மணிக்கே கண்ணை மூடியிருந்தார்.

படுவான்கரைச் சுவாமி அன்று முழுக்கப் பத்து நிமிடத் தூரத்தில், தன் வீட்டில் இருந்தார். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் கந்தோருக்குப் பொறுப்பான குருவானவர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என்னுடைய சுற்றுநிருபம் இருந்தது.

"சாகக் கிடக்கிறவரிட்ட எந்தக் குருவானவரும் போகலாம், எல்லையெல்லாம் பாக்கத் தேவையில்ல. இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், பாதர்."

"அப்ப ஏன் அத எழுதல்ல?"

 சின்ன வயதில் ஞாயிறுப் பாடசாலையிலேயே படித்த விஷயம். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கோபத்தில் எழுதுகிற கடிதத்தில் அப்படியான வரி ஞாபகத்துக்கு வருவதில்லை.

வரைபடத்தில் இழுத்த கோட்டை அழித்தேன். அந்தக் கோவிலைப் படுவான்கரைச் சுவாமியிடமே கொடுத்து, அவருடைய வேறொரு கோவிலை இன்னொருவருக்கு மாற்றினோம். புதிய சுற்றுநிருபம் எழுதினேன். அவசரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எந்தக் குருவானவரையும் கூப்பிடலாம், கூப்பிட வேண்டும் என்பது அதில் முதல் வரி. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அதைக் கையோடு கொண்டுபோய் நானே வாசித்தேன். வாசித்து முடிக்க நெஞ்சு கொஞ்சம் லேசானது போல இருந்தது. பிழையைத் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

பூசைக்குப் பிறகு இறந்தவருடைய வீட்டுக்குப் போனேன். மழை விட்டு நல்ல வெயில். அவருடைய மனைவி கதிரை போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"உபதேசியார் அண்டைக்குக் காலையில பக்கத்துச் சுவாமிக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்" என்றேன். பழியில் பாதியையாவது இன்னொருவர் தலையில் இறக்கி வைக்கப் பார்த்தேன். வேறென்ன?

"அவர் எடுக்கப் போனவர் ஐயா" என்றார் அந்த அம்மா. "போனைக் கையில எடுத்திட்டார். இவர்தான் விடல்ல. 'கோவில்ல வாசிச்சதக் கேட்டதானே. எனக்காக வந்திட்டு அந்தச் சுவாமி கந்தோரில போய்ப் பதில் சொல்லிக்கொண்டு நிக்கணுமா? வேணாம். அக்கரையால வாறவர் வரட்டும்' எண்டிட்டார். அதுக்குப் பிறகு வாசலப் பாத்தபடிதான் கிடந்தவர்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. சாகிற நேரத்தில் அந்த மனிதர் என்னுடைய கடைசி வசனத்துக்குப் பயந்திருக்கிறார். அதுவும் தனக்காக அல்ல.

"இனி அந்தச் சுவாமிக்கு ஒரு கரைச்சலும் வராதுதானே, ஐயா?" என்று கேட்டார். "இவர் அதத்தான் யோசிச்சவர்."

"வராது, அம்மா" என்றேன். "அந்தக் கடிதம் எழுதின ஆள் நான்தான்."

"தெரியும் ஐயா. உபதேசியார் பேரையும் சேத்துத்தானே வாசிச்சவர்" என்றார். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."