தோற்க வேண்டிய கொட்டேஷன்

தாமரை மெத்தையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். உறையைத் தாண்டி, பஞ்சைத் தாண்டி, விரல் லோரியின் பலகையில் போய் இடித்தது. அடுத்ததிலும் அப்படித்தான்.

“இப்படி அமுக்கினா எந்த மெத்தையும் அமுங்கும் லா, தங்கச்சி,” என்றார் கான்ட்ராக்டர் கமலநாதன்.

“படுக்கப் போறது எந்திரிக்க முடியாத கிழவங்க அண்ணே. முதுகு புண்ணாயிடும்.”

“உறை நல்லா இருக்கே. நீ தச்சதுதானே?”

அவள் தைத்ததுதான். கிள்ளானில் திரைச்சீலை தைக்கும் சின்னக் கடை அவளுடையது. அரசாங்க வேலை என்றால் மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன் வேண்டும். மூன்றையும் கமலநாதனே தயார் செய்துவிடுவார், தன் விலையைக் குறைத்து, மற்ற இரண்டையும் கூட்டி. கூட்டியதில் ஒன்றில் தாமரை தன் கம்பெனியின் ரப்பர் முத்திரையை, சாப்பை, குத்திக் கொடுப்பாள். தோற்பதுதான் அவள் வேலை. பதிலுக்கு ஏதாவதோர் ஆபீசின் திரைச்சீலை வேலை வரும். புருஷன் செத்த பிறகு மகளைப் படிக்கவைத்தது அந்தத் திரைச்சீலைகள்தான்.

இந்த முறை கமலநாதன் தன் லைசென்சைப் புதுப்பிக்க மறந்துபோனார். அவர் கொட்டேஷனை ஒதுக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டில் தாமரையுடையது குறைவு. முதியோர் இல்லத்துக்கு மெத்தை கொடுக்கும் வேலை அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. சரக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் பேரில் போகட்டும் என்றார் அவர். பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தது போக மிஞ்சியதில் வந்த மெத்தை இது.

“திருப்பி அனுப்பிடுங்க அண்ணே. முடியாதுன்னு நான் எழுதிக் கொடுத்திடறேன்.”

“கொடு. ஏன்னு கேப்பாங்க. பழைய ஃபைல எல்லாம் தூக்குவாங்க.” அவர் சிரித்தார். “உன் சாப் இல்லாத ஃபைல் ஒண்ணு காட்டு பாப்போம்.”

கோபமில்லாமல்தான் சொன்னார். தாமரை கடைக்குள் போனாள். மெத்தை பில்லில் குத்த வேண்டிய சாப் தையல் மெஷின் இழுப்பறையில் இருந்தது. மை காய்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். காயவில்லை.

மறுநாள் காலை லோரியோடு போனாள். இல்லத்தின் ஸ்டோர் அதிகாரி உறையைத் தடவிப் பார்த்து, தையல் நன்றாக இருப்பதாக மலாயில் சொன்னார். கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. எத்தனை வருஷமாக விடாமல் கொட்டேஷன் அனுப்புகிறீர்கள், இப்போதுதான் கிடைத்திருக்கிறது என்று வாழ்த்தினார். தாமரை தெரிமா காசி என்று நன்றி சொன்னாள். பழைய மெத்தைகளை வெளியே அடுக்கினார்கள். கறை படிந்திருந்தாலும் அவை தடிமனாக இருந்தன. கடைக்குத் திரும்பி, பாதியில் விட்ட திரைச்சீலையை எடுத்துத் தைத்தாள். மத்தியானம் கமலநாதன் நாற்காலிகளுக்கு ஒரு கொட்டேஷன் கொண்டுவந்தார். லைசென்சைப் புதுப்பித்துவிட்டதாகச் சொன்னார். சாப் குத்திக் கொடுத்தாள்.