யூபிஎஸ்ஸுக்குச் சாத்திய மாலை

பாகலூர் ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடையும் மெஷின்கள் ஐந்து இருந்தன. கரண்ட் போகாத நாளே இல்லாத வருஷங்கள் அவை. போனால், ஜெனரேட்டர் பிடிக்கும்வரை மெஷினைத் தாங்குவது யூபிஎஸ். அதற்குத் தனி ரூம், ஏசி. படித்தவர்களிடம் சாவி இருந்தால் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்கள் என்று மொதலாளி அதை என்னிடம் கொடுத்திருந்தார். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ஆனாலும் யூபிஎஸ் கூவுகிற கூவலை வைத்தே பேட்டரி இளைத்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன்.

அந்த ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். அத்தனையையும் காப்பாற்றுகிற யூபிஎஸ்ஸுக்கு யாரும் ஒன்றும் வைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சந்தனம் குழைத்து அப்பி, சாமந்தி மாலையை முழுசாகச் சாத்தினேன். பூசை மாலையைக் காயும்முன்னே கழற்றக்கூடாது. அப்படியே விட்டேன்.

பூசை லீவு முடிந்து வேலை தொடங்கிய அன்றே கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கூவியது, ஜெனரேட்டர் பிடிக்கும்முன்னே சட்டென்று அடங்கிவிட்டது. மெஷின் பாதியில் நின்று டூல் உடைந்து, காலையிலிருந்து கடைந்த பெரிய உருப்படி வீணாகிவிட்டது.

ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர் சூப்பர்வைசர். மெஷினை ஓட்டிய திருநெல்வேலிக்காரனைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின்கிட்ட இருக்கற யூபிஎஸ் பிளக்ல மறுபடி என்னத்த சொருகுன?"

"ஒண்ணும் சொருகல சார். எம் பிள்ளைங்க மேல சத்தியம்."

"போன மாசம் செல்லு சார்ஜ் போட்டப்பவும் இதே பிள்ளைங்கதான?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் அப்போதுதான் இரண்டு பிள்ளைகளையும் ஊரிலிருந்து கூட்டிவந்து இங்கே ஸ்கூலில் சேர்த்திருந்தான்.

"அஜ்ஜி, ரூமைக் கூட்டி வைங்க, மெக்கானிக் வர்றாரு" என்றார் என்னிடம். அவர் பாஷையில் பாட்டிக்கு அஜ்ஜி.

உள்ளே போய் மாலையைத் தூக்கிப் பார்த்தேன். யூபிஎஸ் காற்று இழுக்கிற சல்லடை முழுக்கச் சாமந்தி இதழ். சந்தனத்தோடு ஒட்டி அடைத்துக் கிடந்தது. தகரத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

துடைப்பம் கையில்தான் இருந்தது. வழித்துக் குப்பையோடு தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்தக் கை செய்த வேலையில் அதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்லை. முழங்கால் வலிக்க வலிக்க அங்கேயே நின்றிருந்தேன். பிறகு கதவைத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டேன்.

"நான் சாத்துன மாலைங்க சார். அவன் ஒண்ணும் பண்ணல."

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். "ஏன் அஜ்ஜி, இது மூச்சு விடற மெஷினு. மூக்கையே அடைச்சு வெச்சிருக்கீங்களே."

"சாமிக்கும் மூக்கு இருக்குதுங்க. மாலை போட்டா அதுக்கு மூச்சு நின்னா போகுது?"

யாரோ சிரித்தார்கள். மொதலாளி சிரிக்கவில்லை, கையை நீட்டினார். இடுப்பு முடிச்சு இறுகிப்போயிருந்தது, சாவியை அவிழ்க்க நேரமானது. அவர் காத்திருந்து வாங்கிக்கொண்டார்.

திருநெல்வேலிக்காரனை வேலையிலேயே வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் வந்து நின்றான். "ஆச்சி, நீங்க சொல்லாம இருந்திருந்தா சாவி ஒங்ககிட்டயே இருந்திருக்கும்லா."

"இருந்திருக்கும். பஸ் வருது, ஏறு."

அடுத்த ஆயுத பூசைக்கு அந்த ரூமின் பூட்டிய கதவில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். கரண்ட் இல்லாத நேரம். உள்ளே கூவிக்கொண்டிருந்தது, இளைத்த கூவல். பேட்டரி போகப்போகுது என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். நான் மிச்சமிருந்த இடத்தைக் கூட்டினேன்.