உச்சிமாகாளியின் சுட்டுவிரல்

தம்பானூரில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் பட்டறை ஒன்று இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த உச்சிமாகாளி அதன் உலையில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவர். ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலையிடுவார். மாலையிட்டவர் உலைப் பக்கம் போகாமல் முன்புறக் கடையில் நிற்பது அங்கே வழக்கம். அந்த நாற்பத்தொரு நாளில் அவருடைய வயிற்றுவலி தணியும். மலை இறங்கி வந்ததும் முதலாளி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். ஈயத்தின் அளவு குறைந்திருக்கும். மறுநாளே உலை.

1983 மார்கழியில், மலை இறங்கிய வாரத்தில், அந்த ரத்தப் பரிசோதனைக்காக டாக்டர் லீலாபாயின் ஆய்வுக்கூடத்துக்கு அவர் வந்தார். எலும்பில் தங்கிய ஈயத்தை எக்ஸ்ரே முறையில் அளக்கும் கருவி அங்கே புதிதாக வந்திருந்தது. அதை இயக்குவது என் பணி. சுட்டுவிரலைக் கதிர்வீசும் கோபால்ட் வில்லையின் முன் நாற்பது நிமிடம் அசையாமல் வைக்கவேண்டும். எலும்பில் ஈயம் இருந்தால் அது தனக்கே உரிய எக்ஸ்ரே கதிரை வெளிவிடும். கருவி அதை எண்ணும். ஒப்பீட்டுக்காக என் விரலை முன்னரே அளந்திருந்தேன். திரையில் அடிக்கோடு மட்டுமே ஓடியது. அவர் வலது சுட்டுவிரலை வைத்தபோது அக்கோட்டிலிருந்து ஒரு முகடு எழுந்தது. இருபதாம் நிமிடத்திலும் அது வளர்ந்துகொண்டிருந்தது.

"சாரே, நீலிமலை ஏத்தம் மாதிரில்லா ஏறுது!" என்று சிரித்தார்.

லீலாபாய் சிரிக்கவில்லை. "ரெத்தத்துல மட்டுந்தான் கொறஞ்சிருக்கு, உச்சிமாகாளி. எலும்புல அப்பிடியே கெடக்கு. இனி உலைக்குப் போவாண்டாம். நரம்பு செத்து கை மடங்கித் தொங்கிரும்."

"ரெத்தச் சீட்டு நல்லாத்தானே இருக்கு, டாக்டரம்மா? இந்த வருசம் மொதலாளி என்னைய உலைக்கு மேஸ்திரி ஆக்குதாரு. அய்யப்பன் கழுவி விட்டது ஒங்க மிஷினுக்குத் தெரியல போல."

லீலாபாய் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். ரத்தச் சீட்டே போதுமானது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உச்சிமாகாளி மேஸ்திரியானார்.

அடுத்த கார்த்திகை எட்டாம் நாள், ஒருவரும் அனுப்பாமல் தாமாகவே வந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை.

"விரல வையுங்க சாமி" என்றேன்.

வலக்கை மணிக்கட்டிலிருந்து கீழ்நோக்கித் தொங்கியது. அவர் அதை இடக்கையால் தூக்கிப் பலகைமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.

"மூணு நாளாத்தான் இப்பிடி. வெரதம் முடியதுக்குள்ள நேராயிரும், சாரே. இருமுடி பிடிக்கணும்லா?"

நான் கருவியை முடுக்கினேன். முகடு முதல் நிமிடத்திலேயே தலைகாட்டியது. விரதம் முடிய இன்னும் முப்பத்து மூன்று நாள் இருந்தது.