கல்யாணப் படத்தை யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள்

எனக்கு எதையும் ஒரே தடவையில் முடிவு செய்ய வராது. ஒரு ஜாக்கெட் துணி வாங்கப் போனால்கூட நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையில் பார்த்ததையே வாங்கி வருவேன். அப்படிப்பட்டவளிடம் மூன்று கிளவுட் கம்பெனிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்து சேர்ந்தால் வீட்டில் யாருக்கு நிம்மதி இருக்கும்?

இராமநாதபுரத்தில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, ஏர்வாடிப் பக்கம் நிக்காஹ், கொஞ்ச காலமாகத் தனுஷ்கோடி மணலில் ஜோடிகளை நிறுத்தி எடுக்கும் அவுட்டோர். படம் எடுப்பது என் கணவர். அதன் பிறகு கம்ப்யூட்டரில் நடப்பதெல்லாம் நான். எடுத்ததை ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு, மேலே பெண் வீட்டு ஊரின் பெயரை எழுதி ஒட்டி, பீரோவில் அடுக்கி வைத்திருந்தோம். இங்கே அடிக்கும் உப்புக்காற்று பீரோவின் பூட்டையே தின்றுவிடும், டிஸ்க்கை விடுமா? ஒரே மழைக்காலத்தில் இரண்டு டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போயின. போவதற்கு முன்னால் உள்ளேயிருந்து பல்லி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும்.

மூன்றாவது டிஸ்க்கும் கத்த ஆரம்பித்த அன்றுதான் இனி எல்லாம் கிளவுட் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு மட்டும் சீக்கிரம் வந்தது.

முதல் கம்பெனியின் சேவை சுலபம். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டால் அங்கேயும் போய்விடும். ஆனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். என் கை வேகத்துக்கு அது சரிப்படாது. இரண்டாவது பெரிய கம்பெனி. பொருளைப் பல தட்டுகளில் வைக்கலாம்: அடிக்கடி கேட்பவை, எப்போதாவது கேட்பவை, திரும்பக் கேட்கவே மாட்டோம் என்பவை. கீழ்த்தட்டுக்குப் போகப் போக வாடகை குறையும். கடைசித் தட்டு கிட்டத்தட்ட சும்மா கிடைத்த மாதிரி. மூன்றாவது கம்பெனியில் தட்டெல்லாம் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே வாடகை, எப்போது கேட்டாலும் உடனே வரும். ஆனால் அவர்களுடைய சர்வர் வேறு தேசத்தில் இருந்தது. ஒரு கல்யாணம் அப்லோட் ஆகி முடிவதற்குள் அந்த ஜோடியின் பிள்ளைக்குக் காதுகுத்தே வந்துவிடும்போல இருந்தது.

கட்டம் போட்டு, கலர் அடித்து ஒரு பட்டியல் செய்தேன். காலையில் முதல் கம்பெனி, மதியம் இரண்டாவது, சாப்பிட்டு எழுந்தால் மூன்றாவது. தோசை சுடும்போதும் மனம் அதிலேயே கிடந்து உழன்றது. என் கணவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க வீட்டுல ஒரு காபி குடிக்கிற நேரத்துல முடிவு சொன்னாக. அவுகளையே கூப்புட்டு இதையும் முடிக்கச் சொல்லுவமா?" என்றார்.

மூன்று கம்பெனிக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வைத்ததை எவ்வளவு அடிக்கடி திரும்பக் கேட்பீர்கள்? அவரிடம் கேட்டேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "கல்யாணப் படத்த எவன் திரும்பக் கேக்கப் போறான்? ஆல்பம் கையில குடுத்ததோட சரி," என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. பழைய பில்களைப் புரட்டிப் பார்த்தேன். பழைய படம் கேட்டு வந்ததற்கு ஒரு பில்கூட இல்லை. இரண்டாவது கம்பெனியின் கடைசித் தட்டையே சோதனைக்கு எடுத்துக்கொண்டு, கத்திக்கொண்டிருந்த டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் முதலில் ஏற்றினேன். ஏற்றி முடித்த வாரமே அந்த டிஸ்க் அடங்கிவிட்டது. நல்ல வேளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் ஒன்றை மறந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்குப் போன் போகும், பந்தல்காரருக்குப் போகும், அடுத்தது ஸ்டுடியோவுக்கு. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நிற்க வேண்டும். அதற்குப் படம் வேண்டும். வயக்காட்டு வேலைக்குப் போகும் சனங்களில் பலர் கேமராவுக்கு முன்னால் நின்றதே பிள்ளைகளின் கல்யாணத்தில்தான். அந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழித்து, பின்னால் நீல நிறம் போட்டுக் கொடுப்போம். ஃபிளெக்ஸ் கடைக்காரர் அடிக்கிற கூலியை வாங்கிக்கொள்வார். எங்கள் வேலைக்குக் காசு வாங்கும் வழக்கம் இல்லை. காசு இல்லாததால் பில்லும் இல்லை. பில் இல்லாததால் அதை ஒரு வேலையாகவே நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை, ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வெளியே அவள் புருஷன் பைக்கை அணைக்காமல் நின்றான். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண். அவள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். அது அந்த டிஸ்க்கில் இருந்த கல்யாணம்.

"அக்கா, விடியக்காலைல எங்கம்மா போயிருச்சுக்கா. நாலு மணிக்கு எடுக்குறாக. என் கல்யாணத்துல அது சிரிச்ச படம் ஒண்ணு இருக்கும். அத மட்டும் தாங்கக்கா."

"ஆல்பம் இருக்குமேம்மா?"

"போன மழையில வீடு ஒழுகி ஏடெல்லாம் ஒட்டிப் போச்சு. ஆதார் அட்டதான் கெடக்கு. அதுல எங்கம்மா மாதிரியே இருக்காது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்பவும் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கும். பல்லு ஒண்ணு இல்லேன்னு வெக்கம். அன்னைக்கு ரெண்டு கையிலயும் தாம்பாளம் இருந்துச்சு, பொத்த முடியல."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் ஊர்ப் பெயர் போட்ட ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே ஒவ்வொரு படத்தின் எண்ணும் தெரிந்தது. அமுக்கினேன். கோரிக்கை பெறப்பட்டது, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கோப்புகள் தயாராகும் என்று வந்தது. நாலு மணி தாண்டிவிடும்.

"வந்துருச்சாக்கா?" என்றாள் பின்னாலிருந்து.

கஸ்டமர் கேரைப் பிடிப்பதற்கு முன் திரையில் ஒரு கேள்வி வந்தது: உங்கள் வியாபாரம் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளது? முழுவதும் நின்றுவிட்டது என்பதை அமுக்கினேன். அப்படி அமுக்கினால்தான் ஆள் பேசுவான். பேசினான், மரியாதையான பையன். "நீங்க எடுத்திருக்குற வகையில வேகமா தர வழி இல்லீங்க மேடம். எடுக்கும்போதே அதுல போட்டிருக்கும்," என்றான். போட்டுத்தான் இருந்தது. வியாபாரம் எப்படி நின்றது என்று கேட்டான்.

"வியாபாரம் நிக்கலப்பா. ஒரு அம்மாவ நாலு மணிக்கு எடுக்குறாக," என்றேன். பையன் மன்னிப்புக் கேட்டான். அவன் என்ன செய்வான்? ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மேசையில் அடித்தேன்.

அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. ஷட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவர் அடங்கிப்போன டிஸ்க்கை மாட்டி, காதை வைத்துப் பார்த்தார். ஆல்பம் அடித்த லேபுக்குப் போன் போட்டார். அவர்கள் பழையதை வைத்திருப்பதில்லை. கடைசியில் ஆதார் அட்டையை வாங்கி ஸ்கேன் செய்து, சுருக்கத்தைத் தேய்த்து, நீலம் போட்டார். இறுகிய உதடும் மிரண்ட கண்ணுமாக ஒரு முகம் வந்தது.

அவள் அதையே பார்த்தாள். "இது எங்கம்மா ரேசன் கடை வரிசையில நிக்கிற மூஞ்சிக்கா," என்றாள். பிறகு என் கம்ப்யூட்டரை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். வெளியே பைக் ஹாரன் அடித்தது. "போட்டுருங்கக்கா. நேரமாகுது."

அன்று நான் சோறு சாப்பிடவில்லை. நாலு மணிக்கு எதற்கென்று தெரியாமல் வாசலில் போய் நின்றேன். விளக்கு வைத்த பிறகுதான் கோப்புகள் வந்தன. திறந்தேன். தாம்பாளத்தில் பழமும் தேங்காயும். பக்கத்தில் யாரோ கேலி பேசியிருக்க வேண்டும். அந்த அம்மா தலையைச் சாய்த்து, வாய் நிறைய, பல் போன இடம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் கணவர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"எடுத்தவன் நானு. எனக்கே இது ஞாபகம் இல்ல பாரு," என்றார்.

அவள் போனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"பாத்தேங்க்கா. சட்டம் போட்டுக் குடுங்க, வீட்டுல மாட்டிக்கிறேன்." பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "ஆனா ஊரு பூரா அந்த ஆதார் மூஞ்சியத்தான் பாத்துட்டுப் போயிருச்சுக்கா."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் மூன்றாவது கம்பெனிக்குப் போன் போட்டேன். ஏறுவதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும், கேட்டதும் வர வேண்டும், அதற்கு என்ன உத்தரவாதம் என்று விடாமல் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவன் சிரித்தான்.

"எதுக்கு மேடம் இவ்வளவு அவசரம்? கல்யாணப் படங்கதானே?"

"தம்பி, ஒங்க ஊர்ல செத்தவுகள எத்தன மணிக்கு எடுப்பாக?"

அவன் சிரிப்பு நின்றது. "எங்க ஊர்லயும் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்க மேடம்."

"அதுக்கு முன்னால வரணும்," என்றேன்.