முயலுக்கு வைத்த தக்காளிப் பெட்டி

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிறவன் நான். மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது வீட்டுக்குள் ஒரு முயல் வளர்த்தாள். ஓரம் உடைந்த தக்காளிப் பெட்டியில் பேப்பரும் வைக்கோலும் போட்டு, அதில்தான் புழுக்கை போடவேண்டும் என்று அதைப் பழக்கினாள். அதுவோ சாமி படத்துக்குக் கீழேயே போட்டது.

"புரட்டாசி பொறக்கறதுக்குள்ள இந்த மொசலை யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றாள் மனைவி. மகள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, தினமும் அவள் பள்ளிக்கூடம் போனதும் பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முயல் வீடெல்லாம் புழுக்கை போட ஆரம்பித்தது.

ஒரு நாள் அவள் மதியமே வந்துவிட்டாள். என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"நீதானாப்பா அது? நாலு புழுக்கையை வேணும்னுதான் உள்ள வுட்டு வெக்கறேன். அதோட வாசம் இருந்தாத்தான் அது அங்க போவும்."

திட்டுவாள் என்று நின்றேன்.

"மண்டியில பெட்டி தூக்கறது பத்தலையா, இங்கயும் வேலையா?" என்று சிரித்துவிட்டாள்.

அப்புறம் நான் பெட்டியைத் தொடவில்லை. புரட்டாசிக்கு முன்பே முயல் பழகிவிட்டது. மனைவியும் அதை இருக்க விட்டாள்.

இப்போது முயல் இல்லை. மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்கு வந்துபோனவள் போர்த்திய போர்வை கட்டிலில் கிடந்தது.

"தொவைச்சுப் போட்டுடட்டுங்களா?" என்றாள் மனைவி.

"கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.