சிவப்பு ஒயர்

சேலையூர் தேவானந்தத்துக்கு வீட்டுக்குள் ஒயர்மேன் நுழைந்தால் ஆகாது. அலுவலகத்தில் நாளெல்லாம் கோப்பு கட்டுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் என்ஜினீயர். கூடத்தில் இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட், படுக்கையறையில் சின்ன மூன்று ஓட்டை, சமையலறை வாசலில் பெரிய மூன்று ஓட்டை பவர் பாயிண்ட். எல்லாம் அவரே பிடுங்கி அவரே மாட்டியவை. எதை எதில் சொருகலாம் என்று மனைவி ஜெயசீலி அவரைக் கேட்க வேண்டும். ஒருமுறை மேஜை விசிறியைக் கேட்காமல் சொருகிவிட்டாள் என்று, அந்த வெயில் காலம் முழுக்க விசிறியைப் பரணில் ஏற்றி வைத்தார். நான் அடுத்த வீடு. அந்த ஆளை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

ஜெயசீலி ஒரு பெண்கள் விடுதியில் துணிமணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதியை நடத்திய ஜெர்மன் மிஷனரி அம்மா அறுபத்தேழில் ஊர் திரும்பும்போது, தன் இஸ்திரிப் பெட்டியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணமானதிலிருந்து அவளுக்கென்று வந்த ஒரே சாமான். ஈஸ்டர் ஆராதனைக்கு வெள்ளைப் புடவையை அதில் தேய்த்துக் கட்ட வேண்டும் என்று என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள்.

பெட்டியின் பிளக்கோ நம் ஊர் ஓட்டை எதிலும் நுழையவில்லை. தடித்த உருண்டைப் பின் இரண்டு, பக்கத்துக்கு ஒரு தகடு.

"மார்க்கெட்டுல லோகு கடையில கொடுத்து மாத்திக்கலாங்க" என்றாள்.

"நான் செத்தப்புறம் லோகுவைக் கூப்பிடு."

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் அந்தப் பிளக்கை வெட்டி எறிந்தார். உள்ளே மூன்று ஒயர்: சிவப்பு, கறுப்பு, சாம்பல் நிறம். ஜன்னல் திறந்திருந்தது, அவர் நடத்திய பாடம் எனக்கும் கேட்டது. "சிவப்பு கரண்ட். கறுப்பு நியூட்ரல். எர்த்து பச்சையா இருக்கணும். பழசாகி வெளுத்துப் போச்சு." புது மூன்று பின் பிளக்கில் அப்படியே முடுக்கி, பவர் பாயிண்டில் சொருகி, சுவிட்சைப் போட்டார். பெட்டி சூடாகவில்லை.

"உன் துரைசானி ஓட்டைப் பெட்டியைத் தலையில கட்டிட்டுப் போயிட்டா."

"கைபட்டா சுருக்குங்குதுங்க. வேண்டாம், ஆஃப் பண்ணிடுங்க."

அவர் காலில் ரப்பர் செருப்பு. உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக் காட்டினார். "எனக்கு அடிக்கலையே? உனக்கு மட்டும் எப்படி அடிக்கும்? எங்க, சூடாகுதான்னு பாரு. தொடுடி!"

அவள் வெறுங்காலோடு, அப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் நின்றிருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்க்க நம் பெண்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். ஒரு கையால் பெட்டியைத் திருப்பி, மறு கை விரலை நாக்கில் நனைத்து அடித்தகட்டில் வைத்தாள்.

"நடிக்காதே!" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. "போதும், நடிக்காதேடி!" என்று இரண்டாம் தடவையும் கேட்டது. அதற்குப் பிறகுதான் சுவிட்ச் அணைகிற சத்தம். நான் ஓடிப் போனபோது ஜெயசீலி உயிரோடு இல்லை.

லோகுவை நான்தான் கூட்டிவந்தேன். பெட்டியைக் கழற்றி, உள்ளே சிவப்பு ஒயர் பெட்டியின் உடம்புத் தகட்டில் முடுக்கியிருப்பதைக் காட்டினான். கரண்ட் நேரே அதற்குத்தான் போயிருக்கிறது. "அவங்க ஊர்ல செவப்புதான் எர்த்து போலக்கீது சார். நானா இருந்தாலும் இப்டித்தான் மாட்டிருப்பேன்."

தேவானந்தத்தின் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். பிணம் உள்ளே கிடக்கிறது, இந்த மனிதர் பெருமூச்சு விடுகிறார்! கல்லறைத் தோட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டார்: "ஒயர்மேன் லோகுவே சொல்லிட்டான், அவனா இருந்தாலும் அப்படித்தான் மாட்டியிருப்பானாம்." போதகரிடம் சொன்னார். மாமனாரிடம் சொன்னார். எழுபத்தொன்றில் மறு கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையே சொன்னாராம். அவர்களும் தலையாட்டிப் பெண்ணைக் கொடுத்தார்கள்.

லோகு அன்றைக்கு அதோடு நிறுத்தவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, தேவானந்தத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "ஆனா தொட்டுப் பாக்கச் சொல்லி ஒரு பொம்பளைய நிக்க வெச்சிருக்க மாட்டேன் சார். கரண்ட் பாக்குற டெஸ்டர் இன்னாத்துக்குக் கீது?"

அந்தப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.